தை தொடக்கம்

வீரகத்திக்குத் தண்டவாளத் துண்டு ஒன்றில் இரும்புக் கம்பியால் அடிக்கிற வேலை. கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் கிளிநொச்சியில் சிற்றம்பலம் முதலாளியின் அரிசி ஆலையில் அவன் அடித்தால்தான் வேலை தொடங்கும், அவன் அடித்தால்தான் வேலை முடியும். அங்கே நெல் அவிக்கவும் காயப்போடவும் வந்த இருபத்தாறு பெண்களில் ஒருத்தியிடமும் மணிக்கூடு கிடையாது. முதலாளியின் அலுவலறையான கந்தோரின் உள்சுவரில் ஒன்று தொங்கியது. அதன் சாவி வீரகத்தியின் மடியில் இருந்தது.

அந்த வேலை அவனுக்குச் சும்மா கிடைக்கவில்லை. ஐம்பத்தைந்தாம் ஆண்டு ஆலை இயந்திரத்தின் பட்டி இழுத்து அவன் வலது கையில் மூன்று விரல்கள் போயின. முதலாளி தன்னுடைய காரிலேயே யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், செலவு முழுவதையும் பார்த்தார், திரும்பி வந்தவனை மணி அடிக்க வைத்தார். ஒரு கிழமை கழித்துக் கந்தோருக்குள் கூப்பிட்டார்.

"வீரகத்தி, காலமை மணிக்கூட்டைக் கால் மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிடு. மத்தியானம் அவளவை சாப்பிட்டு வேலைக்குத் திரும்பின பிறகு அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்துவிடு. பின்னேரம் எல்லாரும் போன பிறகு சரியான நேரத்துக்கு வைச்சுவிடு. பெரிய வேலை இல்லை."

பெரிய வேலை இல்லைத்தான். இரண்டு விரல் போதும். சனிக்கிழமைகளில் அவன் வீட்டுக்கு ஒரு பை குறுணல் அரிசி போனது. காலையில் கால் மணி, மாலையில் கால் மணி, இதில் யாருடைய குடி முழுகிப்போகிறது என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கை போன நேரத்தில் தூக்கி நிறுத்திய மனிதர் கேட்கிறார், மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

ஒன்று மட்டும் அவனை உறுத்தியது. ஏழு மணிக்கு மணி அடித்ததும் ஆலைவாசல் படலையைப் பூட்ட வேண்டும். பிறகு வருகிறவளுக்கு அரைநாள் சம்பளம் இல்லை. முன்னுக்குத் தள்ளிய மணிக்கூட்டில் ஏழு அடித்தால் உண்மையில் ஏழாக இன்னும் கால் மணி இருக்கும். நேரத்துக்குப் புறப்பட்டு நேரத்துக்கு வந்தவள் மூச்சிரைக்கப் படலைக்கு வெளியே நிற்பாள். அவர்கள் கொழும்பு மெயில் ரயிலை, அவர்கள் வாயில் கோச்சியை, வைத்துத்தான் நேரம் பார்த்தார்கள். "கோச்சி பிந்தி வரும், என்ர மணிக்கூடு பிந்தாது" என்று முதலாளி சொல்வார். எல்லாரும் நம்பினார்கள். கோச்சியின் குணம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

நாலு வருடம் இப்படிப் போனது. ஐம்பத்தொன்பதில் கமலாசனியின் தமையன் கொழும்பிலிருந்து கைமணிக்கூட்டோடு லீவில் வந்தான். கமலாசனி நெல் அவிக்கிறவள், சும்மா இருக்கிறவள் அல்ல. தமையனின் மணிக்கூட்டை ஒருநாள் இரவல் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். மாலையில் நேரே முதலாளியிடம் போய்க் கேட்டாள்.

"பிள்ளை, அது கொழும்பு நேரம்" என்றார் முதலாளி. "இது கிளிநொச்சி நேரம்."

அவள் வீட்டுக்கு வந்து தொழிற் கந்தோருக்கு ஒரு தபாலட்டை எழுதிப் போட்டாள்.

ஆனி மாதம் தொழிற் பரிசோதகர் வந்தார். வந்தவர் ஆலைக்குள் நுழையவில்லை. எதிரே தேத்தண்ணிக் கடையில் மூன்று நாள் குந்தியிருந்து, வீரகத்தி மணி அடிக்கிற ஒவ்வொரு தடவையும் தன் கையைப் பார்த்துக் கொப்பியில் எழுதினார். நாலாம் நாள் கந்தோருக்குள் வந்து, மூன்று நாள் எழுதிய கொப்பியை மேசையில் வைத்து, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சம்பளச் சபைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, எட்டு மணி நேரத்துக்கு மேலே வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும், கொடுக்காத முதலாளியை நீதிமன்றத்தில் நிறுத்தலாம், நிலுவையையும் கறக்கலாம் என்று நிதானமாகச் சொன்னார்.

"மூண்டு நாளாய் மணிக்கூடு பழுது, ஐயா" என்றார் முதலாளி. "வேணுமெண்டால் மணி அடிக்கிறவனைக் கேளுங்கோ."

பரிசோதகர் திரும்பினார். "நீர் சொல்லும். எப்ப தொடக்கம் இப்பிடி?"

நாலு வருசம் என்ற சொல் வீரகத்தியின் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. முதலாளி அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார், விரல் இல்லாத கையை. வாசலில் கமலாசனி நின்றாள். மூன்று நாள் என்று சொன்னால் அவளை இன்றைக்கே வேலையிலிருந்து கலைத்துவிடுவார்கள். நாலு வருசம் என்று சொன்னால், நாலு வருசமும் முள்ளைத் திருப்பிய கை யாருடையது என்று அடுத்த கேள்வி வரும்.

"தை தொடக்கம், ஐயா" என்றான்.

பரிசோதகர் அதை எழுதினார். எழுதினால் எழுதினதுதான். முதலாளிக்கு நீதிமன்றத்தில் தண்டம் விழுந்தது, பெண்களுக்கு ஆறு மாத நிலுவை கிடைத்தது. மணிக்கூட்டை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வெளிச்சுவரில் மாட்டச் சொன்னார் பரிசோதகர். சாவியை யார் வைத்திருப்பது என்று கேட்டபோது கமலாசனி முந்திக்கொண்டாள்.

"வீரகத்தியண்ணையிட்டையே இருக்கட்டும், ஐயா. அந்த மனுசன் வாய் திறந்தபடியால்தானே எங்களுக்கு ஏதோ கிடைச்சது."

மற்றவர்கள் எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள். ஒருத்தி அவனுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தாள். அந்த வெற்றிலையை அவனால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அந்தச் சனிக்கிழமை முதலாளி அவனுக்குக் குறுணல் கொடுக்கவில்லை, நல்ல முழு அரிசியாகவே கொடுத்தார்.

"தை எண்டு சொன்னாய் பார், கெட்டிக்காரனடா நீ" என்று தோளில் தட்டினார்.

அவன் அந்த அரிசியைச் சுமந்துகொண்டுதான் வீட்டுக்குப் போனான். போட்டுவிட்டுப் போகிற ரோசம் அவனுக்கு இருக்கவில்லை. மூன்றரை வருடத்துக் களவு இப்போது முதலாளியுடையது அல்ல, தன்னுடையதுதான் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே சாப்பிட்டான்.

ஆவணியில் ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம், விமலேஸ்வரி வந்தாள். இடுப்பில் ஒரு பிள்ளை. கண்டாவளையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். ஐம்பத்தாறில் எட்டு மாதம் இந்த ஆலையில் நெல் காயப்போட்டவள், அப்போது பதினேழு வயது. கந்தோரில் கிளாக்கர் பட்டியலைப் பார்த்து உன் பேர் இல்லை, தைக்குப் பிறகு வேலை செய்தவர்களுக்குத்தான் காசு என்று அனுப்பிவிட்டார். அவள் தண்டவாளம் தொங்கிய வேப்பமரத்தடிக்கு வந்தாள்.

"என்னைத் தெரியுதோ, அண்ணை? விமலா. பிந்தி வாறவள்."

தெரியாமல் என்ன? படலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கோச்சி போன கையோட வெளிக்கிட்டு ஓடி வந்தனான், அண்ணை, திறந்துவிடுங்கோ" என்று எத்தனை காலை கெஞ்சியவள். ஐந்தாம் தடவை பிந்தியபோது முதலாளி கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டார். அன்றைக்குப் படலையைப் பூட்டியதும் இவன்தான்.

"சனம் கதைச்சுது, பழைய ஆக்களுக்கும் காசு குடுக்கினம் எண்டு. பஸ் காசு நட்டம்" என்றாள். பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள். "எங்கட காலத்தில மணிக்கூடு சரியாத்தானே, அண்ணை, இருந்தது?"

அவள் அதைச் சந்தேகத்தோடு கேட்கவில்லை. வந்ததற்கு ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவோம் என்று கேட்டாள்.

"ஓம், பிள்ளை" என்றான் வீரகத்தி. "சரியாத்தான் இருந்தது."

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான். என்ர நித்திரைக்கு நீங்கள் என்ன செய்வியள்? அப்ப நான் போட்டு வாறன், அண்ணை."

அவள் படலையைத் தாண்டி வீதிப்பக்கம் நடந்தாள். சுவரில் ஒரு மணி ஆகியது. சரியான ஒரு மணி. வீரகத்தி கம்பியை எடுத்து அடித்தான்.

தண்டவாளம் அதிர்ந்ததுதான் தாமதம், வீதியில் போய்க்கொண்டிருந்த விமலேஸ்வரி திடுக்கிட்டுத் திரும்பினாள். பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படலையை நோக்கி ஓடி வந்தாள். நாலைந்து எட்டு வைத்தாள். பிறகுதான் தான் இப்போது இங்கே வேலை செய்கிறவள் இல்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது. நின்றாள், தன்னைப் பார்த்துத் தானே வெட்கத்தோடு சிரித்தாள், மறுபடி திரும்பி நடந்தாள்.

வீரகத்தியின் கையிலிருந்த கம்பி கீழே விழுந்தது. அவன் ஓடினான். சாப்பாட்டுச் சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் என்னவோ ஏதோ என்று எழுந்து படலைக்கு வந்தார்கள்.

"பிள்ளை, நில்லு. நீ பிந்தேல்லை. ஒருநாளும் பிந்தேல்லை. நான்தான் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினனான். ஒவ்வொரு காலமையும் நான்தான் தள்ளினனான்."

விமலேஸ்வரி அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் கமலாசனியின் குரல் கேட்டது.

"எத்தினை வருசம், அண்ணை?"

"நாலு."

வீரகத்தி மடியை அவிழ்த்துச் சாவியை எடுத்து நீட்டினான். கமலாசனி அதை அவன் கையில் தன் விரல் படாமல் எடுத்தாள்.

"நாளைக்கு லேபர் கந்தோர் ஐயாவிட்டைப் போறம்" என்றாள். "நீங்களும் வாறியள். இதையே அங்கையும் சொல்லுறியள். பழைய ஆக்களுக்கும் காசு வரவேணும்."

"வாறன்" என்றான்.

விமலேஸ்வரி இன்னும் அசையவில்லை. காசு வரும் என்ற பேச்சு அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"எங்கட அம்மா போன மாசி செத்துப்போனா" என்றாள். "சாகுமட்டும் என்னை நித்திரைக்காரி எண்டுதான் ஏசினவா. இதை நான் இனி ஆருக்கண்ணை போய்ச் சொல்லுறது?"