கடல் தாண்டாத பரீட்சை

கலியோப்பியின் பட்டத்துக்கு இன்னும் ஒரே ஒரு பரீட்சைதான் பாக்கி. பாடப்புத்தகங்கள் எல்லாம் இணையத்தில் இலவசம், விரிவுரைகளும் அப்படியே. கட்டணமும் கைக்கு எட்டுகிற கட்டணம்தான். அனாஃபித் தீவில், படுக்கையில் கிடந்த மாமியாருக்குக் கஞ்சி ஆறுகிற நேரத்தில் அவள் புள்ளியியல் படித்தாள். பாடமெல்லாம் கடல் தாண்டி அடுப்படிவரை வந்துவிட்டது. பரீட்சைக்கு மட்டும் ஏதென்ஸுக்கு நேரில் வந்தாக வேண்டுமாம். அந்தச் சட்டத்தைப் போட்ட புண்ணியவான் குளிர்காலத்தில் ஒரு நாளாவது தீவில் இருந்து பார்த்திருக்க மாட்டார்.

கணவன் சரக்குக் கப்பலில், உலகத்தின் ஏதோ ஒரு மூலையில். மாமியாரும் போய்ச் சேர்ந்தபின் பேச்சுத்துணை என்றால் கைபேசியில் இருந்த படிப்புக் குழுதான். அவளோடு சேர்த்து நாலு பேர். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. சாயங்காலமானால் ஒருவருக்கொருவர் சந்தேகம் கேட்டுக்கொள்வார்கள். அதில் வாயாடி, வடக்கே மலையூரில் இருந்த அர்கீரிஸ்.

"பரீட்சை முடிஞ்சதும் நாலு பேரும் ஒரே மேசையில உக்காந்து சாப்பிடறோம். கலியோப்பி, அங்க வந்தும் மீன் புராணம் பாடினீங்கன்னா நான் எந்திரிச்சுப் போயிடுவேன், ஆமா!" என்பார்.

பட்டத்தைவிட அந்த மேசைக்குத்தான் அவள் அதிகம் ஏங்கினாள்.

பரீட்சை செவ்வாய்க்கிழமை. கப்பல் வெள்ளியும் திங்களும். நடுவே ஞாயிறன்று மாமியாரின் நாற்பதாம் நாள் பூசை. கோதுமையை வேகவைத்து உலர்த்தி, மாதுளையும் சர்க்கரையும் சேர்த்துக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டியவள் மருமகள்.

"வெள்ளிக்கிழமையே கிளம்பிடறேன் செவாஸ்தி. கோதுமைய நீ பாத்துக்கறியா?" என்று நாத்தனாரிடம் கேட்டாள்.

"நல்லா இருக்கு அண்ணி! அம்மாவுக்கு நாப்பது, மருமக பரீட்சைக்குப் போயிட்டாங்கன்னு ஊர்ல சொல்லட்டுமா? திங்கக்கிழமை கப்பல் எங்க ஓடிப்போகுது?"

கலியோப்பி தீவுக்காரர்கள் எல்லாரும் செய்கிற தப்பையே செய்தாள். கால அட்டவணையில் கப்பல் இருந்தால் கடலிலும் இருக்கும் என்று நம்பினாள். ஞாயிறன்று ஊரே வந்தது. கோதுமை பூப்போல வந்திருக்கிறது என்று பாதிரியாரே மெச்சினார்.

திங்கள் காலையில் வாடைக்காற்று பிடித்துக்கொண்டது. கப்பல் எதுவும் வராது என்று துறைமுகத்தில் சொல்லிவிட்டார்கள். பெட்டியோடு அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"விடுங்க அண்ணி, புத்தகம் சும்மாதானே கிடைக்குது? அடுத்த வருஷம் எழுதிக்கலாம்" என்றாள் செவாஸ்தி.

சும்மா கிடைத்தது புத்தகம்தான். படித்தது சும்மாவா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். குழுவில், "கப்பல் வரவில்லை" என்று மட்டும் எழுதினாள்.

செவ்வாய் மதியம் அர்கீரிஸ் வினாத்தாளைப் படமெடுத்து அனுப்பினார். "நீங்க இருந்திருந்தா ஊதித் தள்ளியிருப்பீங்க. கடைசிக் கணக்குல நாங்க மூணு பேரும் கோட்டை விட்டுட்டோம்."

அவள் உட்கார்ந்து எழுதினாள். எல்லாவற்றுக்கும் விடை வந்தது, அந்தக் கடைசிக் கணக்குக்கும். படமெடுத்துக் குழுவில் போட்டாள். பதிலாக வந்தது சாப்பாட்டு மேசையின் படம். குரலை வைத்து அவள் நினைத்ததைவிட அர்கீரிஸுக்கு வயது அதிகம். மூன்று பேரும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது நாற்காலியில் கோட்டுகளைக் குவித்திருந்தார்கள். அவள் விடைகளை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மதிப்பெண் வந்தது. கோட்டை விட்டவர்களும் தேறிவிட்டார்கள். பட்டம் வாங்கியவர்களுக்குப் படிப்புக் குழு எதற்கு? ஒவ்வொருவராக நல்ல வார்த்தை சொல்லிவிட்டு விலகினார்கள். அர்கீரிஸ் கடைசியாகப் போனார்.

மறுநாள் சாயங்காலம் கலியோப்பி புத்தகத்தின் முதல் பாடத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, "ஆரம்பிக்கலாமா?" என்று குழுவில் எழுதினாள். படிக்க அங்கே தன்னைத் தவிர யாரும் இல்லை என்று தெரிந்துதான் அனுப்பினாள்.