வெந்நீர்த் தவலைக்குப் புது அடி

ஒழுகினால் தேங்காய் நாரை அடைத்துக் குங்கிலியம் பூசு. எங்கள் குப்பத்து ஆம்பிளைகளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் இதுதான். படகாக இருந்தாலும் சரி, வேறு எந்த எழவாக இருந்தாலும் சரி. என் வீட்டுக்காரர் சுப்பராயலுவும் அதே ரகம்தான். அவரை மட்டும் சொல்லி என்ன, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிக் கிளறிக் கொடுத்தவள் நான்.

ஒழுகியது எங்கள் வெந்நீர்த் தவலை. நல்ல கனமான செம்பு, ஒரு ஆள் உள்ளே குந்தலாம். கொல்லையில் மண் அடுப்பின் மேல் ஏற்றிச் சுற்றிலும் களிமண் பூசி வைத்திருந்தோம். எங்கள் கிணற்றில் உப்புத் தண்ணீர். அந்த உப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடியைத் தின்றுவிட்டது. வேறு சமயமாக இருந்தால் சட்டியில் காய்ச்சிச் சமாளித்திருப்பேன். ஆனால் என் தங்கை இருசம்மாள் அப்போதுதான் பிள்ளை பெற்று என் வீட்டில் படுத்திருந்தாள். பச்சை உடம்புக்கு வேப்பிலை போட்டுக் கொதித்த தண்ணீரைக் குடம் குடமாக இடுப்பில் அடித்து ஊற்ற வேண்டும். சட்டித் தண்ணீர் எந்த மூலைக்கு?

எங்களுக்கு அம்மாவும் இல்லை, நைனாவும் இல்லை. முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும், அக்கா வீடுதான் அவளுக்குத் தாய்வீடு என்று நான் சண்டை போட்டுத்தான் அவளை அழைத்து வந்தேன். மூன்றாம் மாதம் பிள்ளையோடும் சீரோடும் அனுப்பி வைப்பதுதான் முறை. அதற்குள் மாமியார்க்காரி வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டால், நாதியில்லாதவள் என்று பழவேற்காட்டு ஏரியைச் சுற்றி இருக்கிற அத்தனை ஊரும் பேசும். அந்தப் பேச்சு அவளை ஆயுசுக்கும் விடாது.

குங்கிலியம் பூசிய தவலையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். மத்தியானம் முழுக்க ஒரு சொட்டு கசியவில்லை. "பாத்தியா முனிம்மா, கடலையே அடைக்கிற கை இது" என்று அவர் மீசையைத் தடவிக்கொண்டார். நானும் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் தங்கையின் மாமியார் ஜெயம்மா சுண்ணாம்புக்குளத்திலிருந்து பேரனைப் பார்க்க வந்து இறங்கினாள். நல்ல நேரத்துக்குத்தான் வந்தாள் என்று நினைத்தேன். எண்ணெய் தேய்த்து மஞ்சள் பூசித் தங்கையை மறைப்புக்குள் உட்கார வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். தண்ணீர் சூடேறி ஆவி கிளம்பியது. அப்புறம் ஒரு நாற்றம். குங்கிலியம் உருகி நெருப்பில் சொட்டுகிறது! குப்பென்று தீ எழும்பியது, கரும்புகை கொல்லையை மூடியது, அடைப்பு பிய்த்துக்கொண்டு தண்ணீர் மொத்தமும் அடுப்பில் இறங்கியது. நெருப்பு போச்சு, வெந்நீர் போச்சு, என் மானமும் போச்சு.

சூடுபட்டால் குங்கிலியம் இளகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாதா? நாங்கள்தானே அதைக் காய்ச்சினோம்! ஒழுகலைப் பார்த்ததும் கை போன வழியில் புத்தி போய்விட்டது. படகு என்றைக்கு அடுப்பில் ஏறியிருக்கிறது?

உடம்பெல்லாம் எண்ணெயோடு இருசம்மாள் குளிரில் நடுங்கினாள். ஜெயம்மா தன் முந்தானையால் அவளைப் போர்த்தினாள்.

"பச்ச ஒடம்புக்கு வெந்நி ஊத்த வக்கில்லாத வூட்ல எம் மருமவள வுட்டு வெக்க மாட்டேன். நாளன்னிக்கிக் காலைல புள்ளைக்கி வெயில் படாம மூட்டம் போட்ட படகோட வர்றேன். துணிமணியக் கட்டி வையி."

"அத்தே, ஒரு நாள் பொறுங்க..." என்று கெஞ்சினேன்.

"ஒரு நாள் குடுத்துகிறேனே, அது போதாதா?"

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தங்கை என் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அன்றைக்குச் சாயந்திரம் வீட்டுக்காரர் புதுசாக ஒரு யோசனையோடு வந்தார். "பழவேற்காட்டுக் கோட்டைல ஒல்லாந்து வெள்ளக்காரன் கப்பல் கொப்பரை ஒண்ணு கெடக்குது. இரும்பு, பழசுதான். நம்ம தவலையக் குடுத்தா மாத்திக்கலாம். இந்த ஓட்டையக் கட்டிகினு எத்தினி நாளு பேஜார் படறது?"

"யோவ், அதுல கப்பல்காரன் இன்னா இன்னா எறச்சிய வேவ வெச்சானோ! அதுல காஞ்ச தண்ணியிலயா எந்தங்கச்சி குளிக்கணும்? நம்ம உப்புத் தண்ணிக்கி இரும்பு எத்தினி நாளு நிக்கும்? இன்னும் சீக்கிரமா துருவேறிப் பூடும்."

"அப்ப இன்னாதான் பண்ணப் போற?"

அவர் வாயாலேயே பதிலை வாங்கினேன். "ஒன் படகுல ஒரு பலக மக்கிப்போனா படகயே ஒல்லாந்தனுக்குக் குடுத்துடுவியா?"

"பலகயத்தான் மாத்துவேன்" என்றார். சொல்லிவிட்டு என்னையே பார்த்தார்.

பொழுது விடிந்ததும் களிமண்ணை உடைத்துத் தவலையைப் பெயர்த்தெடுத்தோம். படகில் ஏற்றிப் பழவேற்காட்டில் செம்புப் பாத்திரம் அடிக்கிற கன்னார் கண்ணப்பன் பட்டறையில் கொண்டுபோய் இறக்கினோம். அவர் தவலையைப் புரட்டினார். அடியில் விரலை வைத்ததும் விரல் உள்ளே போய்விட்டது.

"இது முடிஞ்சிபோச்சி தங்கச்சி. ஒட்டுப் போட்டா ஒட்டுக்குப் பக்கத்துல பிச்சிக்கும். எடைக்குப் போட்டுட்டுப் புதுசு எடுத்துக்க. அடுத்த மாசம் தர்றேன்."

"அடுத்த மாசம் புதுசு வந்து இன்னாண்ணே? நாளைக்கிக் காலைல எந்தங்கச்சி போயிடுவா! ஒட்டு வேணாம். மக்கின அடிய மொத்தமா வெட்டி எடுத்துட்டுப் புது அடி வெச்சிக் குடு. பக்கத்தத் தட்டிப் பாரு, கணீர்னு இல்ல?"

தட்டினார். கணீரென்றுதான் இருந்தது. அடியைத் தட்டினார், ஓட்டைச் சட்டியாட்டம் சத்தம் வந்தது. கண்ணப்பன் தாடையைச் சொறிந்தார்.

"பண்ணலாம். ஆனா துருத்தி ஊதுற ஆளு கண்ணாலத்துக்குப் பூட்டான். நெருப்பு ஒரே சீரா எரியணும், தெரிமா?"

"நான் ஊதறேன்."

"பொம்பளையா?"

"ஏன், வல இழுக்கற கை இது. நீ செம்ப வெட்டு மொதல்ல!"

அவர் சிரித்துக்கொண்டே வெட்டினார். பழைய அடியை அவரே வைத்துக்கொள்வது, மீதிக் கூலிக்கு இறால் காலம் முழுக்க அவர் வீட்டுக் குழம்புக்கு நான் பொறுப்பு என்று பேசி முடித்தோம். புதுத் தகட்டின் ஓரத்தில் பல் பல்லாக வெட்டி, தவலையின் விளிம்பை அதற்குள் கோத்து, பற்றுப் பிடிக்க வெங்காரமும் பித்தளை அரத்தூளும் தூவி நெருப்பில் வைத்தார். நான் துருத்தியில் உட்கார்ந்தேன். அடேயப்பா, வலை இழுப்பது ஒன்றுமேயில்லை! தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி இருந்தது. கை ஓயும்போதெல்லாம் ஜெயம்மா சொன்ன 'வக்கில்லாத வீடு' காதில் கேட்டது, மறுபடி ஊதினேன். பித்தளைத் தூள் உருகிப் பற்களுக்குள் மினுமினுவென்று ஓடியதைப் பார்த்ததும் கண்ணப்பன் "போதும் தாயி, போதும்!" என்று கத்தினார்.

குளிர்ந்ததும் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். "பச்சத் தண்ணியெல்லாம் எங்கிட்ட காட்டாத. கீழ நெருப்பு வெச்சிக் கொதிக்க வுட்டுக் காட்டு" என்றேன். கொதித்தது. அடியில் ஒரு சொட்டு இல்லை. வீட்டுக்காரர் பட்டறை என்றும் பார்க்காமல் சீழ்க்கையடித்தார்.

சொன்னபடி ஜெயம்மா காலையில் மூட்டம் போட்ட படகோடு வந்தாள். வந்தவளை நேராகக் கொல்லைக்கு அழைத்துப் போனேன். தவலை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அவள் குனிந்து அடுப்பைப் பார்த்தாள். சாம்பலைக் குச்சியால் கிளறிப் பார்த்தாள். காய்ந்த சாம்பல்தான். பிறகு என் கையைப் பார்த்தாள். துருத்திக் கட்டை உரசி உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

"ஊத்து" என்றாள்.

ஊற்றினேன். கொப்புளம் எரிய எரிய, குடம் குடமாகத் தங்கை இடுப்பில் அடித்து ஊற்றினேன். இருசம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, "அக்கா, இன்னும் சூடா ஊத்து" என்று கேட்டாள். மறைப்பெல்லாம் ஆவி. ஜெயம்மா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குளித்து முடித்ததும் அவளே எழுந்து வந்து மருமகளின் தலையைத் துவட்டிவிட்டாள்.

வெயில் ஏறியதும் கிளம்பினாள். நானும் கரை வரைக்கும் கூடப் போனேன். அவள் மருமகளைக் கூட்டிப்போக வந்திருக்கிறாள் என்ற சேதி அதற்குள் பரவியிருந்தது. மீன் காயவைக்கிற பொம்பளைகள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க நின்றார்கள். படகில் இருசம்மாள் இல்லாததைப் பார்த்துவிட்டு ஒருத்தி கேட்டாள்.

"இன்னா ஜெயம்மா, மருமவள இட்டுனு போலியா?"

ஜெயம்மா படகில் ஒரு காலை வைத்தபடி திரும்பினாள்.

"எதுக்கு இட்டுனு போவணும்? அவ அவுங்க தாய்வூட்ல கீறா. மூணாம் மாசம் வந்து அழைச்சிக்குவேன்."

கரை முழுக்கக் கேட்டது.