இடது கண்ணின் ஐந்து எழுத்துகள்

என் மகள் தாமரைக்கு ஞாபகசக்தி அதிகம். இதை நான் சொல்லிக் கேட்காத ஆள் எங்கள் ஊர் கிள்ளானில் குறைவு. நான்கு வயதில் மேடையேறி இருபது வரிச் செய்யுளை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தவள். ஐந்து வயதில் மாவட்ட மனனப் போட்டியில் முதல் பரிசு. அவள் மேடையில் நிற்கும்போது நான் முன்வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் சத்தமில்லாமல் வாயசைப்பேன். வேண்டுமென்று செய்வதில்லை, தானாக வந்துவிடும். ஒரு போட்டியில் நடுவர், "அந்த அம்மா கொஞ்சம் வெளியே நில்லுங்க" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அந்த மண்டபம் இருக்கும் சாலைப் பக்கமே நான் போகவில்லை.

இப்படிப்பட்டவளுக்குப் பாலர் பள்ளியில் கண் பரிசோதனை என்றால் நான் என்ன செய்வேன்? பிள்ளைகள் பயப்படக் கூடாதென்று ஆசிரியை ஒரு வாரம் முன்பே ஆங்கில எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டிவைத்திருந்தார். அதைக் கைப்பேசியில் படம் பிடித்து வந்து, தினமும் தலைவாரும் நேரத்தில் தாமரைக்குச் சொல்லிக்கொடுத்தேன். கடைசி வரி, எஃப், இ, எல், ஓ, பி. மூன்றே நாளில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொன்னாள். என் கணவர் குகன் துறைமுகத்தில் லோரி ஓட்டுபவர். கண் டெஸ்டுக்கு எதற்கு மனப்பாடம் என்று கேட்டார். உங்கள் லோரியைப் பார்த்து ஓட்டுங்கள் என்று சொன்னேன்.

தாமரை இரண்டு கண்ணிலும் கடைசி வரிவரை சொன்னாள். 'இரண்டு கண்ணும் முழு மதிப்பெண்' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். முப்பத்தேழு பேர் கைதட்டினார்கள்.

அடுத்த வருடம், அவளுக்கு ஆறு வயதானபோது, ஒரு தொண்டுக் குழு பள்ளிக்கு வந்தது. இந்த முறை அட்டை இல்லை. கையில் பிடிக்கிற ஒரு கேமரா. குருவி கத்துவதுபோலச் சத்தம் போடும், விளக்கு மின்னும், பிள்ளை அதை நிமிர்ந்து பார்த்தால் போதும். எந்தக் கேள்வியும் கேட்காது. சில நொடிகளில் தாமரைக்கு மட்டும் ஒரு தாளை நீட்டினார்கள். இடது கண்ணை மேலும் பரிசோதிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கடைசி வரிவரை படித்த பிள்ளையைக் குருவிச் சத்தம் போடும் ஒரு டப்பா குறை சொல்வதா? நான் வேலை செய்யும் தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் ஒரு நாள் விடுப்பு எடுத்து, தாமரையைக் கூட்டிக்கொண்டு கிள்ளானில் ரயில் ஏறினேன். தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கண் மையம் இருந்தது. கேமரா தப்பு என்று அங்கே எழுதி வாங்கிவருவதுதான் என் திட்டம்.

கண் பரிசோதகர் பெயர் மகதலேனா. சின்ன வயது, அதிகம் பேசாதவர். தாமரையை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே திரையில் எழுத்துகளைக் காட்டினார். நான் திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். இடது கண்ணை மூடி, வலது கண்ணால் படிக்கச் சொன்னார். படபடவென்று படித்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டேன். பிறகு வலது கண்ணை மூடி, வேறு வரிக்கு மாற்றினார்.

"எஃப், இ, எல், ஓ, பி" என்றாள் தாமரை, மேடையில் சொல்வதுபோலத் தெளிவாக.

நான் திரையைப் பார்த்தேன். அதில் இருந்தது எச், வி, டி, ஆர், சி.

மகதலேனா இன்னொரு வரிக்கு மாற்றினார். அதற்கும் எஃப், இ, எல், ஓ, பி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் நான் வாயசைத்தேன். திரையில் இருக்கும் எழுத்துகளை ஒவ்வொன்றாக, வாயைப் பெரிதாகத் திறந்து அசைத்தேன். தாமரை என் பக்கமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாய் அவளுக்குத் தெரியவில்லை.

"என்ன தெரியுது, தாமரை?" என்று கேட்டார் மகதலேனா.

"புகை மாதிரி இருக்கு மிஸ். ஆனா எனக்கு மனப்பாடம். அம்மா சொல்லிக் கொடுத்தாங்க."

அவள் பெருமையாகத்தான் சொன்னாள். நான்தான் அங்கே நிற்க முடியாமல் நின்றேன். ஒரு வருடத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியதை நானே மூடிவைத்திருக்கிறேன். கேமராவுக்கு என் பாடம் தெரியாது, அதனால் அது உண்மையைச் சொல்லிவிட்டது.

மகதலேனா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கண் கெட்டுப்போகவில்லை என்றார். இடது கண்ணின் பவர் வலது கண்ணைவிட மிக அதிகம், அதனால் அது மங்கலான படத்தையே அனுப்புகிறது, மூளை அதை வாங்காமல் ஒதுக்கி, வலது கண்ணை மட்டும் நம்பப் பழகிவிட்டது என்றார். நான் ஒன்றைத்தான் கேட்டேன், சரியாகுமா என்று.

"ஆறு வயசுதானே அக்கா. மூளை இப்ப சொன்னா கேக்கும். வளர வளரக் கேக்கிறது கஷ்டம் லா. ஒரு நாளும் விட்றாதீங்க."

கண்ணாடி எழுதினார். அதோடு வீட்டுக்கு ஒரு கருவியும் வந்தது. பார்க்கச் சின்ன டிவி போல இருக்கும். தாமரை அதில் கார்ட்டூன் பார்க்க வேண்டும், தினமும் ஒரு மணி நேரம். அவள் கண் எங்கே போகிறது என்பதை அது கவனித்து, வலது கண்ணுக்குப் போகும் படத்தை மட்டும் மங்கலாக்கிவிடும். வேறு வழியில்லாமல் மூளை இடது கண்ணைக் கேட்டாக வேண்டும். எத்தனை நிமிடம் பார்த்தாள் என்ற கணக்கும் நேராக மகதலேனாவுக்குப் போய்விடும். யாரை மனதில் வைத்து அப்படிச் செய்தார்களோ தெரியவில்லை, எனக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

என் வீட்டில் கார்ட்டூனுக்குத் தடை. அந்தத் தடையைப் போட்டவளே பக்கத்தில் உட்கார்ந்து, "கண்ணை எடுக்காத, பாரு" என்று விரட்டினேன். குகன் சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோனார். நான் வேலை முடிந்து வருவதற்கும் அவள் சாப்பிட்டுத் தூங்குவதற்கும் நடுவில் இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். அதுதான் மாநிலப் போட்டிக்கு மனனப் பயிற்சி செய்யும் நேரமும். முதல் வாரம் இரண்டையும் திணிக்கப் பார்த்தேன், பிள்ளை அழுதாள். இரண்டாம் வாரம் போட்டியிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டேன். பயிற்றுநர் சபாபதி சார் போன் செய்து பதறினார். கோப்பை கைக்கு வருகிற நேரம் என்றார்.

"இந்த வருஷம் தாமரை படம் பாக்கிறா சார்" என்றேன். அதைச் சொன்னபோது நெஞ்சுக்குள் கொஞ்சம் வலித்தது. இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி பிரிக்பீல்ட்ஸ். ஒரு நாளும் விடவில்லை. காய்ச்சல் வந்த அன்றுகூட அரை மணி நேரம் பார்த்தாள். அவளிடம் நான் எந்த எழுத்தும் சொல்லிக்கொடுக்கவில்லை. ரயிலில் வாயைத் திறக்கவே பயந்து உட்கார்ந்திருந்தேன்.

மகதலேனா கண்ணாடிக்கு மேல் வலது கண்ணை மறைத்தார். நான் அதே இடத்தில், திரைக்குப் பக்கத்தில் நின்றேன். எழுத்துகள் வந்தன. தாமரை உடனே சொல்லவில்லை. கழுத்தை முன்னால் நீட்டி, நெற்றியைச் சுருக்கிப் பார்த்தாள்.

"டி..." என்றாள். சரி. "ஓ... இல்ல, இல்ல, சி." சரி. "எச்."

அது எச் இல்லை, 'என்' எழுத்து. என் மகள் வாழ்க்கையில் முதல்முறையாகத் தடுமாறினாள், தப்பும் சொன்னாள். மனப்பாடம் செய்தவள் அப்படித் தடுமாற மாட்டாள். பார்க்கிறவள்தான் தடுமாறுவாள். அந்தத் தப்பைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷம், அவள் வாங்கிய எந்தக் கோப்பைக்கும் வந்ததில்லை.

நான்காவது எழுத்தில் நின்றுவிட்டாள். அது வி. தாமரை திரையையே பார்த்தாள். பிறகு அவள் பார்வை மெல்ல நகர்ந்து என்மேல் வந்து நின்றது.

"மிஸ்" என்றாள் புகாராக. "அம்மா வாயசைக்கிறாங்க."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். மகதலேனா என்னைப் பார்த்தார். தாமரையின் வலது கண் மூடியபடியேதான் இருந்தது.

"அக்கா, கொஞ்சம் வெளியே நில்லுங்க" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

தலைநிமிர்ந்து வெளியே போனேன். வரவேற்பறையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் கேட்காமலே அவர்களிடம் சொன்னேன், என் மகள் என்னை வெளியே அனுப்பிவிட்டாள் என்று.