பூஜை விடுமுறையில் ஒரு நிலைமாற்றம்

கொல்கத்தா சால்ட் லேக்கில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஆறாவது வருடமாக முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். மிகக் குளிர்ந்த அணுக்கள்தான் என் துறை. இதுவரை ஓர் அணுவைக்கூட நேரில் குளிர வைத்ததில்லை. எனக்கும் அணுவுக்கும் நடுவில் எப்போதும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும்.

லேசர் ஒளியைக் குறுக்கும் நெடுக்குமாக விட்டால் முட்டை அட்டை மாதிரி குழிகள் உண்டாகும். அணுக்கள் அதில் குழிக்குக் குழி தாவித் திரியும். ஒன்றையொன்று விலக்கும் விசையைக் கூட்டிக்கொண்டே போனால், தாவல் மெல்ல மெல்லக் குறைந்து ஆளுக்கொரு குழியில் உட்கார்ந்துவிடும். என் வரைபடத்தில் மட்டும் அது மெல்லக் குறையவில்லை. ஓரிடத்தில் சடாரென்று ஒரு படி இறங்கியது. தண்ணீர் சட்டென்று பனிக்கட்டியாவது போல ஒரு புதிய நிலைமாற்றம்!

என் வழிகாட்டியை, அக்கா என்ற பொருளில், வங்காள வழக்கப்படி பாகீரதி-தி என்போம்; இதே ஊரின் லேக் மார்க்கெட்டில் பிறந்து வளர்ந்த தமிழர். "கூப் பாலோ, ரொம்ப நல்லாருக்கு" என்றார். கட்டுரையை இணையத்தில் ஏற்றினோம். என் கல்லூரித் தோழன் சௌந்தரராஜன் ஜெர்மனியில் நிஜ அணுக்களை வைத்து அந்தப் படியைத் தேடக் கிளம்பினான். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

போன வாரம் ஆய்வேட்டின் பின்னிணைப்புக்காகக் கோப்புகளைத் தேதிவாரியாக அடுக்கினேன். படிக்கு இடப்பக்கப் புள்ளிகள் எல்லாம் துர்கா பூஜைக்கு முன் கணக்கிட்டவை. வலப்பக்கம் எல்லாம் லட்சுமி பூஜைக்குப் பின். நடுவில் விடுமுறை. கிளம்பும் அவசரத்தில் ஒரு சோதனைக்காக நிரலில் ஓர் எண்ணை மாற்றியிருக்கிறேன். அதுவரை வலது ஓரத்தில் வெளியேறிய அணு இடது ஓரத்தில் நுழையும். அதன்பின் ஓரத்தில் முட்டி நின்றுவிடும். பந்தல் பந்தலாகக் கிச்சுரி பிரசாதம் தின்றுவிட்டு வந்தவன் எண்ணைத் திருப்பி வைக்க மறந்துபோனேன். ஆக, நான் கண்டுபிடித்தது என் விடுமுறையை.

எல்லாவற்றையும் ஒரே மாதிரி மறுபடி கணக்கிட்டேன். கோடு வழவழவென்று போனது. சொன்னால் கட்டுரையும் போச்சு, பட்டமும் போச்சு. சொல்லாவிட்டால் சௌந்தர் இல்லாததைத் தேடிக்கொண்டிருப்பான், அதற்குள் நான் டாக்டர் ஆகிவிடுவேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டு நாள் இதை உட்கார்ந்து யோசித்தேன்.

மூன்றாம் நாள் மதியம் அவனே போன் செய்தான்.

"டேய் வாஞ்சி, கெடச்சிருச்சுடா. நீ சொன்ன அதே இடத்துல."

இல்லாதது எப்படிக் கிடைக்கும்? "எத்தன தடவ அளந்தே?"

"நாப்பது. இருபத்தெட்டு சரியா உக்காரல, லேசர் ஆடியிருக்கும்னு தள்ளிட்டேன். மிச்சம் கச்சிதமா இருக்கு."

என் பொய்க்கு அவன் சாட்சி சேர்த்துக்கொண்டிருந்தான். வாயை மூடியிருந்தால் போதும், எனக்குப் பரிசோதனைச் சான்றே கிடைத்திருக்கும்.

"தள்ளுனதத் திரும்பப் போடு, சௌந்தர்."

"போட்டா படியே இருக்காதேடா."

"இல்லதான். என்னோடதுலயும் இல்ல. நான் சொதப்பிட்டேன்." எல்லாவற்றையும் சொன்னேன்.

"நாலு மாசம்டா" என்றான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

நேராக பாகீரதி-தி அறைக்குப் போனேன். முழுக்கக் கேட்டவர், கட்டுரையைத் திரும்பப் பெறும் படிவத்தைத் தன் கம்ப்யூட்டரில் திறந்து என் பக்கம் திருப்பினார். காரணம் கேட்ட கட்டத்தில், "தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் காரணங்களால்" என்று அடித்தேன்.

"தொழில்நுட்பக் காரணமா? அது யாரு?" என்றார்.

அழித்துவிட்டு, "வாஞ்சிநாதன் தான் மாற்றிய ஓர் எண்ணைத் திருப்பி வைக்க மறந்தார்" என்று அடித்தேன்.

அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, அடுத்த வரியில் "பாகீரதி அதைச் சரிபார்க்கவில்லை" என்று சேர்த்து, அனுப்பிவிட்டார். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.