காலியாக விடக்கூடாத கட்டம்

முதல் கணக்கெடுப்பில் அந்தக் குடும்பப்பெயர் ஒரே ஒருவருக்கு இருந்தது. பத்தாண்டு கழித்து நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு இருந்தது. அந்த ஒருவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. அதற்குள் செத்தும் போயிருந்தார்.

அவர் ஒரு மழை நாளில் சொட்டச் சொட்ட நனைந்து பதிவு அலுவலக வரிசையில் நின்றவர். குடும்பப்பெயர் கேட்டதற்கு வெகுநேரம் யோசித்துவிட்டு, இல்லை என்றார். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் மேலிடம் ஏட்டையே திருப்பி அனுப்பிவிடும். அதனால் பதிவாளர், உலகத்தில் யாருக்கும் இல்லாத ஒரு பெயரை மனம்போல எழுதினார். அதை இங்கே எழுதாமல் விடுவதுதான் எல்லோருக்கும் நல்லது. பத்தாண்டுக்கு ஒருமுறை ஏடுகளைக் கையால் படியெடுப்பார்கள். ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் எழுதுவார். அந்தப் பக்கத்தைப் படித்தவருக்கும் எழுதியவருக்கும் மறுநாள் அடையாள அட்டையில் அந்தப் பெயர் இருந்தது. பிறகு அவர்கள் வீட்டாருக்கு, தபால்காரருக்கு, ஐந்தாம் வகுப்பு முழுவதற்கும்.

பெயரோடு கூடவே நினைவில் ஓர் அப்பாவும் வந்தார். உயரமானவர், ஈரக் கால், ஆரஞ்சுப் பழத்தைத் தோல் அறாமல் உரிப்பவர். எல்லோருக்கும் சைக்கிள் பழக்கிவிட்டவர் அவரே. பெற்ற அப்பாக்களை யாரும் வெறுக்கவில்லை. வீட்டில் தங்கியிருக்கும் வெளியாளைப் போல மரியாதையாக நடத்தினார்கள், அவ்வளவுதான்.

மூன்றாம் படியெடுப்பில் கணக்கு முப்பத்தெட்டாயிரத்தைத் தாண்டியது. அலுவலகத்தில் பழைய பெயரோடு மிஞ்சியவள் அந்தப் பதிவாளரின் மகள் மட்டும். அம்மா இல்லாத வீட்டில் அவளும் ஓய்வுபெற்ற அப்பாவும்தான். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள். காலையில் அவர் முகம் மழிக்கும்போது எதிரே நின்று இமைக்காமல் பார்ப்பாள்.

"என்ன, சந்தையில மாடு பாக்கற மாதிரி பாக்கற?"

"சும்மா இருங்கப்பா. இந்தத் தழும்பு எப்ப வந்தது?"

"நீ பொறந்த அன்னைக்கு ஓடிவந்து கதவுல இடிச்சுக்கிட்டது. நேத்தும் கேட்டியே, அறிவிருக்கா?"

பக்கத்து மேசைப் பெண் பஞ்சைப் பார்த்துச் சிரிப்பாள். "எடுங்கக்கா, வலிக்காது. எவ்வளவு நல்ல அப்பா தெரியுமா? ஒருநாள்கூடத் திட்டினதில்ல."

"எங்கப்பா திட்டுவாரு," என்றாள் இவள். "தினமும் திட்டுவாரு."

ஆனால் பயம் முற்றிக்கொண்டே போனது. ஒருநாள் மதியம், தழும்பு இடது புருவத்திலா வலதிலா என்று அவளுக்குச் சட்டென்று நினைவு வரவில்லை. அவருடைய கையெழுத்தையாவது பார்த்தால் போதும் என்று தோன்றியது. பழைய ஏடுகள் இருக்கும் அறைக்குப் போய், அவர் வேலையில் இருந்த வருடத்தைத் தேடி எடுத்து, கண்ணில் பட்ட பக்கத்தைப் பிரித்தாள். அடியில் அவர் கையெழுத்து இருந்தது. அந்த வளைவுகளை விரலால் தடவினாள். பிறகு அவர் எழுதியது வேறென்ன இருக்கிறது என்று, ஆசையாக, ஒரு வரி மேலே படித்தாள்.

சாயங்காலம் வீட்டில் ஒரு முதியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"யாரைப் பாக்கணும் சார்?"

அவர் கை புருவத்துத் தழும்பைத் தடவியது. பிறகு, "பின் ரூம்ல தங்கியிருக்கேன்மா," என்றார்.

அது சரியாகத்தான் பட்டது. மறுநாளிலிருந்து செய்தித்தாளை இருவரும் ஆளுக்குப் பாதியாகப் படித்தார்கள். தொந்தரவில்லாத மனிதர், சத்தமாகப் பேசுவதுகூட இல்லை என்று அலுவலகத்தில் சொன்னாள்.