சீட்டிப் பாடம்

அத்தை கூண்டின் மேல் போட்ட துண்டை அவள் மறுபடியும் உருவி எறிந்தாள்.

“சாவு வீட்ல குருவிக்கு என்னடி வெளிச்சம்?” என்றாள் அத்தை. “அண்ணனே போயாச்சு. தொறந்து விடு. அதுவாவது எங்கயாவது போய்ப் பொழச்சுக்கட்டும்.”

“ஊமையா போய் எப்படிப் பொழைக்கும்?”

கூடத்தில் அப்பா கிடந்தார். லிஃப்ட் ரிப்பேர்காரர். பாதி ஆயுளை மொட்டைமாடி மோட்டார் அறைகளில் கழித்தவர். அப்படி ஓர் அறையில் கூடு கட்டியிருந்த கிழட்டு ஆண் குருவியின் நீளப் பாட்டைக் கேட்டுக் கேட்டே சீட்டியில் பிடித்துவிட்டார். மற்றக் குருவிகளெல்லாம் இரண்டு கீச்சோடு நிறுத்திக்கொள்ளும். கிழடு செத்தபின் அந்தப் பாட்டு அப்பாவின் உதட்டில் மட்டும்தான் மிச்சம். அதன் கடைசிக் குஞ்சுதான் கூண்டில் இருப்பது.

குருவிக்குப் பாட்டு ரத்தத்தில் வருவதில்லை. பெரியது பாட, சின்னது கேட்டுப் பழக வேண்டும், அதுவும் குஞ்சுப் பருவத்திலேயே. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது மனிதருக்கு வெறும் பழமொழி. குருவிக்கு அதுதான் சட்டம். அதனால் அப்பா வேலைக்குப் போகுமுன் தினமும் கூண்டருகே நின்று சீட்டியடிப்பார். “சுதி தெரியாத வாத்தியார்” என்று கிண்டல் செய்தபடியே பல் தேய்த்தவளுக்கும் பாட்டு மனப்பாடமாகிவிட்டது.

அத்தை கூண்டுக் கதவில் கை வைத்தாள்.

“கைய எடுங்க அத்தை.”

அவள் உதட்டைக் குவித்தாள். அழுது காய்ந்த உதடு; வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். சீட்டி கிளம்பியதும் கூடத்து அழுகை சட்டென்று நின்றது.

பெரியப்பா எழுந்தே விட்டார். “பொணத்துக்குப் பக்கத்துல சீட்டியா? அதுவும் பொம்பளப் புள்ள! நாலு பேரு என்ன சொல்லுவாங்க?”

“அந்த நாலு பேரும் வந்து இதுக்குச் சொல்லிக் குடுக்கட்டும் பெரியப்பா. நான் நிறுத்திக்கிறேன்.”

யாரும் வரவில்லை. அப்பா போன துக்கத்தைவிட இவர்கள் மேலிருந்த கோபம்தான் அந்த நேரத்தில் அவளை நிற்க வைத்தது.

வாசலில் வண்டி வந்து நின்றது. தூக்க வந்தவர்கள் அப்பாவைச் சுற்றிக் குனிந்தார்கள்.

“கொஞ்சம் இருங்க, இன்னும் முடியல.”

முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் அடித்தாள். குஞ்சு கம்பியருகே தத்தி வந்து தலையைச் சாய்த்தது. சத்தம் எதுவும் வரவில்லை. தொண்டையின் சின்ன இறகுகள் மட்டும் ஏறி இறங்கின.

அவள் உதட்டை நனைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். குனிந்தவர்கள் நிமிர்ந்து காத்திருந்தார்கள்.