மார்புப் பக்கத்து ஓட்டை

மார்பில் புண்பட்டவனை மட்டுமே வீரன் என்று ஒப்புக்கொள்கிற மண் இது. முதுகில் புண்பட்டவனுக்கு இங்கே யாரும் கல் நட்டதில்லை, பாட்டுக் கட்டியதில்லை; பெற்றவளே அவன் முகத்தில் விழிக்கமாட்டாள். ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அசையாமல் நிற்கும் இந்தத் தமிழ் அறத்தைத் திருத்தணி டில்லிபாபு போன வருஷம் ஒரு காதுகுத்து விழாவில் மைக் பிடித்து முழங்கினார். அதே மூச்சில் அடுத்து அவர் சொன்னது: "சாம்பார் வாளி எடுத்துகினு போனவங்க கொஞ்சம் சீக்கிரம் கொண்டாந்து குடுங்க, ரெண்டாவது பந்தி உக்காந்துகினு கீது."

டில்லிபாபுவுக்குப் பந்தல், மேடை, நாற்காலி வாடகைக்கு விடும் தொழில். தாலுகாவில் எந்த விழா நடந்தாலும் மேடை அவருடையது, மைக்கும் அவருடையது, ஆகவே முதல் பேச்சும் அவருடையது. அழைப்பிதழில் பேர் போடச் சொல்லி அவர் யாரையும் கேட்டதில்லை. கேட்காமலேயே பேசிவிடுவார்.

தொழில் அது. உயிர் வேறு இடத்தில் இருந்தது. ராணுவங்கள் கழித்துப் போட்ட குண்டு துளைக்காத சட்டைகளை அவர் சேகரித்தார். எந்த நாட்டு ராணுவம் என்ற பேதம் கிடையாது. பழைய துணி பேல்களில் கப்பலேறி வந்தவை, ஏலத்தில் விட்டவை, சினிமா கம்பெனிக்காரன் கைமாற்றியவை எல்லாம் அவர் வீட்டுப் பின்கட்டு அறையில் தொங்கின. தூசி படாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் கல்யாண நாற்காலிக்குப் போடுகிற வெள்ளை சாட்டின் உறை, முதுகில் ரோஜா நிற நாடாவில் ஒரு முடிச்சு. விளக்கைப் போட்டுப் பார்த்தால் தலையில்லாத மாப்பிள்ளைகள் வரிசையாக நிற்கிற மாதிரி இருக்கும்.

அசலைக் கண்டுபிடிக்கிற வித்தையை அவர் போன் வழியாகக் கற்றுக்கொண்டார். அமெரிக்காவில் ஒரு கிழவர், போலந்தில் ஒரு பல் டாக்டர், இவர்களெல்லாம் இருக்கிற குழுவில் நம்மவரும் உண்டு. கட்டைவிரலால் அமுக்கினால் உள்ளே நைலானா, கெவ்லாரா என்று சொல்வார். லேபிளில் உள்ள ஒப்பந்த எண்ணைப் பார்த்து எந்த வருஷத்துச் சரக்கு என்று சொல்வார். பெரும்பாலும் சரியாகவே சொல்வார். ஒரே ஒரு முறை சறுக்கினார். கையில்லாத, கல் மாதிரி கனக்கிற ஒரு நீலக் கவசத்தை "ரஷ்யாக்காரன் பண்ணினது, உள்ள ஈயம்" என்று நடு ஆணியில் மாட்டி வைத்திருந்தார். மனைவி சுலோச்சனா முட்டிவலிக்காகத் திருப்பதிக்குப் போய்விட்டு வந்து சொன்னாள்: "உங்க ரஷ்யாக்காரன் அங்க ஸ்கேன் சென்டர்ல எக்ஸ்ரே எடுத்துகினு இருக்கான். பாத்துட்டு வந்தேன்."

இந்த ஆடியில் சுலோச்சனா கடைசி எச்சரிக்கை விட்டாள்.

"இன்னாங்க, ஆவணி பொறந்தா சுதாவுக்கு வளைகாப்பு. தலைப்பிரசவத்துக்குப் பொண்ணு வந்து எங்க படுப்பா? உங்க பட்டாளத்து மேலயா?"

"அது மியூசியம், சுலோச்சனா."

"மியூசியத்துல எலி புழுக்கை போடாது."

"இதோட மதிப்பு உனுக்குத் தெரியாது."

"எனுக்குத் தெரியாது, சரி. தெரிஞ்சவன் எவனாவது ஒருத்தன் இருந்தா கூட்டியாங்க. நான் மதிக்கிறேன், எங்க எடத்துல கண்ணாடிப் பொட்டியில வெச்சிக்கிறேன்னு சொல்லட்டும், மாலை போட்டு அனுப்பி வெக்கிறேன். இல்லேன்னா பொண்ணு வர்றதுக்கு முன்னாடி மொத்தமும் சத்தார் பாய் தராசுக்குப் போவும்."

டில்லிபாபுவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. வாழ்நாள் சேகரிப்பு எடைக்குப் போவதாவது. அதிலும் நைலானுக்கு எடையே கிடையாது.

இந்தச் சமயத்தில் அந்தச் சத்தாரே போன் செய்தார். அரக்கோணத்தில் காயலான் கடை வைத்திருப்பவர். டில்லிபாபுவுக்குச் சட்டை பிடித்துத் தருகிறவர்.

"அண்ணே, பேல் பிரிச்சேன். பட்டாளத்து சட்டை ஒன்னு வந்துகீது. பச்சை. வந்து பாரு, ஆனா ஓட்டை கீது, அப்புறம் என்னிய ஏசாத."

டில்லிபாபு அடுத்த ரயிலில் ஏறினார். கடை வாசலில், பழைய வாஷிங் மெஷின் ஒன்றின் மேல் அது கிடந்தது. கட்டைவிரலால் அமுக்கினார்; நைலான். லேபிளைத் துடைத்து ஒப்பந்த எண்ணைப் படித்தார், அறுபத்தெட்டு. வியட்நாம் சண்டை நடந்த காலம். ஜிப், அழுத்துப் பொத்தான், தையல், எல்லாம் பொருந்தியது. கடைசியில்தான் ஓட்டையைப் பார்த்தார். சுண்டுவிரல் நுழைகிற அளவு. விளிம்பில் நைலான் உருகிக் கருத்திருந்தது.

"குண்டு," என்றார், சாமி வந்தவர் மாதிரி.

"முதுகுல பட்டுகீது பாவம்," என்றார் சத்தார்.

டில்லிபாபு நிமிர்ந்தார். "பாய், இன்னா பேச்சு பேசற? இது மார்பு."

"ஜிப்பு அந்தாண்ட கீதேண்ணே. ஜிப்பு முன்னாடிதானே வரும்?"

"நீ ஜிப்பைப் பாக்கற. நான் வீரனைப் பாக்கறேன். நெசமான சிப்பாய் எவனாவது முதுகுல குண்டு வாங்குவானா? வாங்கமாட்டான். அப்போ ஓட்டை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் மார்பு. மார்பு முன்னாடின்னா ஜிப்பு பின்னாடி. கணக்கு முடிஞ்சிச்சு."

சத்தார் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காலரு அப்போ கழுத்துக்கு முன்னாடி வருதே?"

"தாடைக் காப்பு."

"பாக்கெட்டு ரெண்டும் முதுகுல?"

"பின்னாடி வர்ற சிப்பாய் சாமான் எடுத்துக்கறதுக்கு."

"தனியா இருந்தா ஜிப்பு எப்படிண்ணே போட்டுப்பான்?"

"சண்டையில யாரும் தனியா இருக்கறதில்ல பாய்."

"ஆங்," என்று சத்தார் ஒத்துக்கொண்டார். "எங்க அலீஷா ஸ்கூல் கவுனும் அப்படித்தான். பின்னாடி ஜிப்பு. அவங்க அம்மாதான் போட்டு வுடுவா."

இந்த ஒப்புமையை டில்லிபாபு காதில் வாங்கவில்லை. லேபிளை மட்டும் போட்டோ எடுத்துக் குழுவுக்கு அனுப்பினார். அமெரிக்கக் கிழவர் "அசல், அருமை" என்று பதில் போட்டார். பல் டாக்டர் கைதட்டுகிற படம் போட்டார். முழுச் சட்டையின் படத்தை அவர் அனுப்பவில்லை. சட்டை எந்த ஊர்ச் சரக்கு என்று வெள்ளைக்காரனிடம் கேட்கலாம். மார்பு எது, முதுகு எது என்று கேட்கிற நிலைமை தமிழனுக்கு இன்னும் வரவில்லை.

சுதந்திர தினம் நெருங்கியது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உள்ள தனியார் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர் ஜெயப்பிரகாஷ், வழக்கம்போல மேடை கேட்டு வந்தார். டில்லிபாபு மேடை தந்தார், மைக் தந்தார், நாற்காலி தந்தார், எல்லாம் இலவசம் என்றார். பிறகு, நூலகத்தில் உள்ள கண்ணாடி அலமாரியைப் பற்றிப் பேச்சை எடுத்தார்.

"கோப்பை வெக்கிறதுக்குன்னு பண்ணினோம் சார்," என்றார் ஜெயப்பிரகாஷ் வருத்தமாக. "கோப்பைதான் வரல."

"காலியா இருக்கக் கூடாதுங்க. வீரம் வைக்கலாம்."

தலைமையாசிரியர் யோசித்தார். "சுபேதார் ஆறுமுகம் ஐயாதான் சீஃப் கெஸ்ட். அவர் மேடையில பார்த்து, அசல்தான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாருன்னா, அலமாரி மட்டுமில்ல, ரூமே உங்களுக்கு விட்டுடறேன். மொத்தத்தையும் கொண்டாங்க."

சுபேதார் ஆறுமுகம் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று, இப்போது ஏ.டி.எம்.களுக்குக் காவலாளி அனுப்பும் கம்பெனி நடத்துகிறவர். பதக்கங்களோடுதான் வெளியே வருவார். காய்கறி வாங்க வந்தாலும் பதக்கம் உண்டு. பேசுவது குறைவு, ஆனால் பேசினால் மறுத்துப் பேச ஊரில் ஆள் கிடையாது. அவர் வாயிலிருந்து வரப்போகும் ஒரு சொல்லில் பின்கட்டு அறை முழுதும் தொங்கியது.

சுதந்திர தினத்தன்று காலை சுலோச்சனா பின்னால் நின்று ஜிப்பை இழுத்தாள்.

"மூச்ச இழுங்க. இன்னும். தொப்பைய உள்ள தள்ளுங்க... வியட்நாம்ல எவனும் பொங்கல் தின்னல போலக்கீது."

ஜிப் ஏறியது. கழுத்துப்பட்டை மோவாயை முட்டுக் கொடுத்துத் தூக்கியது. அதனால் டில்லிபாபுவால் கீழே பார்க்க முடியவில்லை. அது அவருக்குப் பொருத்தமாகவே இருந்தது. திறந்த டெம்போவில் தேசியக் கொடிகளுக்கு நடுவே அவர் நின்றுகொண்டு வந்தார். மார்பில் ஓட்டை. ஓட்டையைச் சுற்றி சுலோச்சனா வைத்த சந்தனம், குங்குமம். மலைக்கு மொட்டை போட வந்த ஆந்திராக் கூட்டம் என்னவென்று தெரியாமலே கும்பிட்டது. பூக்கடைக்காரி ஒருத்தி மாலையை வீசினாள். "பட்டாளத்துல இருந்தாரா இவரு?" என்று ஒருவர் கேட்க, "இல்லாமயா, ஓட்டையப் பாத்தீங்களா?" என்றார் இன்னொருவர்.

மேடையில் சுபேதார் எழுந்து வந்தார். கண்ணாடியை மாட்டினார். துணியைத் தடவினார், விரல் கணுவால் தட்டினார், லேபிள் இருக்கிற இடத்தைத் தூக்கிப் பார்த்தார். முன்வரிசையில் சுலோச்சனா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அசல்," என்றார் சுபேதார். "நெசமான சரக்கு. போலி கிடையாது."

கைத்தட்டல் எழுந்தது. அத்தோடு அவர் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் சோதனை என்று வந்தபின் பின்பக்கமும் பார்ப்பது ராணுவ ஒழுங்கு. சுற்றி வந்தார். ஜிப்பைப் பார்த்தார். இரண்டு பாக்கெட்டையும் பார்த்தார். டில்லிபாபுவின் பிடரிக்கு எந்தக் காப்பும் இல்லாததைப் பார்த்தார்.

"டில்லிபாபு," என்றார் மெல்ல, "இது வந்து..."

மைக் டில்லிபாபு கையில் இருந்தது. அது அவருடைய மைக்.

"ஐயாவுக்கு ஒரு சந்தேகம்!" என்று முழங்கினார். "ஐயாவே தீர்ப்பு சொல்லட்டும். இந்த ஓட்டை பட்டது மார்பிலா, முதுகிலா? மார்புன்னா, இதைப் போட்டவன் எதிரியை நேருக்கு நேர் பார்த்து நின்னவன். முதுகுன்னா, ஒரு சிப்பாய் திரும்பி ஓடினான்னு அர்த்தம். சிப்பாய் ஓடுவானா? பதக்கம் வாங்கின ஐயா சொல்லட்டும். மார்பா, முதுகா?"

"மார்பு!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். வாத்தியார்களும் கத்தினார்கள்.

மைக் சுபேதாரின் வாய்க்கு நேரே வந்து நின்றது. அவர் பிள்ளைகளைப் பார்த்தார், தன் பதக்கங்களைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார். நெற்றி வேர்த்தது.

"பட்டாளத்துல..." என்று ஆரம்பித்தார். "பட்டாளத்துல எவனும் ஓடமாட்டான். மார்பு. மார்புதான்."

அவ்வளவுதான். பள்ளிக்கூடக் கூரை அதிர்ந்தது. ஜெயப்பிரகாஷ் மைக்கைக் கேட்டு வாங்கி (அதற்குச் சற்று நேரம் பிடித்தது) அலமாரி மட்டுமல்ல, நூலக அறை முழுவதும் டில்லிபாபுவின் கவசங்களுக்கே என்று அறிவித்தார். சுபேதாருக்குப் பொன்னாடை, டில்லிபாபுவுக்கும் பொன்னாடை. கழுத்துப்பட்டை இடைஞ்சலாக இருந்ததால் அவருக்குத் தோளில் போட முடியாமல் தலையில் கட்டினார்கள். சுலோச்சனா எழுந்து நின்று கைதட்டினாள். கண்கூடக் கலங்கியது. பின்கட்டு அறைக்கு எந்த நிறச் சுண்ணாம்பு அடிப்பது என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

அந்த வாரமே மாப்பிள்ளைகள் எல்லாம் டெம்போ ஏறிப் பள்ளிக்கூடம் போனார்கள். சுலோச்சனா சொன்ன சொல் தவறாமல் முதல் சட்டைக்கு மாலை போட்டு அனுப்பினாள். அறையைக் கழுவி, மஞ்சள் தண்ணி தெளித்து, கட்டில் போட்டாள். வளைகாப்பு முடிந்து கை நிறைய வளையலோடு வந்த சுதா, கட்டிலில் சாய்ந்து போனில் ஊர்வல வீடியோவைப் பார்த்தாள்.

"நைனா, மோவாயத் தூக்கிகினு இன்னா கெத்து! எங்க மாமனார் ஊரு பூரா காட்டிகினு இருக்காரு."

"பொறக்கப் போறவன் பாக்கட்டும்," என்றார் டில்லிபாபு.

கண்ணாடி அலமாரியின் நடுவில், ஜவுளிக்கடையில் வாங்கிய ஒரு பொம்மைக்கு அந்தச் சட்டையைப் போட்டிருக்கிறார்கள். ஓட்டை பார்ப்பவர் பக்கம், ஜிப் சுவர்ப் பக்கம். மோவாயில் இடித்ததால் பொம்மையின் தலையைக் கழற்றிவிட்டார்கள். கீழே பலகையில் "மார்பில் ஏந்திய மாவீரன்" என்று பெரிய எழுத்து. வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகள் வரிசையில் வந்து வணக்கம் வைக்கிறார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடங்களிலிருந்தும் வருகிறார்கள். திருத்தணியில் மலைக்கோயிலுக்கு அடுத்தபடி பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்று டில்லிபாபு எல்லாக் காதுகுத்திலும் மைக்கில் சொல்கிறார்.

தன் வீட்டுக்காரர் பெருமையும் அங்கே விளங்கட்டும் என்று சுபேதாரின் மனைவி அம்சா, அவரிடம் சொல்லாமல், ஹாலில் மாட்டியிருந்த ஒரு பழைய போட்டோவைக் கழற்றி நூலகத்துக்குக் கொடுத்தனுப்பினாள். ஜெயப்பிரகாஷ் அதை அலமாரிக்குப் பக்கத்திலேயே, பிள்ளைகளின் கண்மட்டத்தில் மாட்டியிருக்கிறார். அமைதிப் படையோடு ஆப்பிரிக்காவுக்குப் போனபோது எடுத்தது. நடுவில் இளவயசு ஆறுமுகம்; இரண்டு பக்கமும் அவருடைய சிப்பாய்கள்; எல்லார் மேலும் அதே மாதிரிச் சட்டை.

எல்லாருக்கும் ஜிப் முன்பக்கம் இருக்கிறது.